கப்பல் பாட்டு நிற்கும் இடம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் பார்த்துக்கொள்கிற டெரிக் மிராந்தாவுக்கு, மாதா கோயில் திருவிழாக் கொடி ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது காது இறங்கியது. காது என்றால் மடலும் துளையும் இல்லை, அவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கேட்கிற சக்திதான் கழுத்து வழியாகத் தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும் மெதுவாக இறங்கி, கடைசியில் இடது கையின் நான்கு விரல் நுனிகளில், கிடார்க் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்ப்பு விழுந்திருந்த இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. கையை மூடினால் உலகம் அடங்கிப்போனது. கையைத் திறந்து குழாய்ப் பக்கம் நீட்டினால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவன் வாயைக் கொப்பளித்துத் துடைத்துவிட்டு, கையை முன்னால் நீட்டியபடி அடுப்படிக்குப் போய் மனைவி வினோலியாவிடம் விஷயத்தைச் சொன்னான். 

"சாப்பிடுறப்ப என்ன செய்வ?" என்று கையைப் பார்த்தே கேட்டாள்.

"சோத்துக் கை வலதுதான," என்றான் டெரிக்.

காது ஏன் இறங்கியது என்று தெருவில் யாரும் பெரிதாக விசாரிக்கவில்லை. ஒருவனுக்குக் கண் மங்குகிறது, ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இவனுக்குக் காது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இனி இவனோடு எப்படிப் பேசுவது என்பதுதான் அவர்களுக்குக் கவலை. காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்து, அழுக்கு எதுவும் அடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். கோயிலில் பங்குச்சாமியார், பிரசங்க மேடைக்கு இடது கை நேராக வருகிற மாதிரி ஒரு பெஞ்சின் ஓரத்தை அவனுக்கென்று ஒதுக்கினார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் கம்பி வலைமேல் நான்கு விரலையும் அவன் பதித்துக்கொள்ள, அந்தப் பக்கமிருந்து சாமியார் விரலுக்கு நேராகக் குனிந்து புத்தி சொன்னார். டீக்கடை சூசை அண்ணன் கண்ணாடி டம்ளரை வலது கையில் கொடுத்துவிட்டு இடது கையோடு அரசியல் பேசினார். மழைக்காலத்தில் குளிர் அடித்தால் காது வலிக்குமே என்று பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா கம்பளியில் ஒரு கையுறை பின்னிக் கொடுத்தாள். ஆறு மாதத்துக்குள் அந்தத் தெருவில் பிறந்த குழந்தைகள்கூட அவனைப் பார்த்தால் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டன.

பிறகு அந்தக் கையால் உபயோகம் உண்டு என்று ஊருக்குத் தெரிந்தது. அந்த விரல்களுக்கு எந்தச் சத்தமும் வெறும் சத்தமாகக் கேட்கவில்லை, வாசிக்க வேண்டிய ஒன்றாகத்தான் கேட்டது. மீன் ஏலம் விடுகிறவரின் குரல் கிடாரின் தடித்த கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் நின்றது, ரோஸ்லின் அக்காவீட்டு மிக்சி மெல்லிய கம்பியில் எங்கோ உச்சியில் அலைந்தது, தெருநாய்ச் சண்டைக்குக்கூட ஒரு விரல் வரிசை இருந்தது. எதிலாவது ஒரு இழை பிசகியிருந்தால் விரல் உடனே சுருக்கென்று இழுத்துக்கொள்ளும். ஆகவே விசைப்படகுக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் எஞ்சினுக்கு நேராகக் கையைக் காட்டச் சொன்னார்கள், வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆள் வந்தது, கல்யாண வீட்டு பேண்டு செட்டுக்காரர்கள்கூட ஒருமுறை வந்து போனார்கள். டெரிக் கையை நீட்டிக் கண்ணை மூடிக் குறையைச் சொன்னால், குறை அங்கேதான் இருக்கும். எல்லாரும் அவனிடம் வந்தார்கள், எல்லாரும் கையோடு பேசிவிட்டுப் போனார்கள்.

ஆனால் இந்தக் காது இறங்குகிற வேலை அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கியதல்ல. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏற வேண்டும்.

டெரிக்கும் வினோலியாவும் பாளையங்கோட்டையில் வேறு வேறு காலேஜில் படித்தார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். இரண்டு பேருக்கும் மெட்டல் என்றால் உயிர். மெட்டலை ஊரில் யாரும் பாட்டு என்று ஒத்துக்கொள்வதில்லை, கிரைண்டருக்குள் கரண்டி விழுந்த சத்தம் என்பார்கள்; அதனாலேயே அதைக் கேட்கிற இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்டால் பிரிவது கஷ்டம். இருந்தது ஒரே இயர்போன். வலது துண்டு அவளுக்கு, இடது துண்டு அவனுக்கு. அதில் அவர்கள் ஓயாமல் கேட்டது, மொபைல் கடையில் யாரோ ஏற்றிக் கொடுத்த, பெயருக்குப் பதிலாக வெறும் எண் போட்டிருந்த ஒரு நீளமான பாட்டு. பாடுகிறவர்கள் எந்த தேசத்துக்காரர்கள் என்றுகூடத் தெரியாது. பழைய கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ஊதுகிற மாதிரி தொடங்கும், அதனால் அதற்குக் கப்பல் பாட்டு என்று பெயர் வைத்தார்கள். பாதி தாண்டியதும் கிடாரும் டிரம்ஸும் அலறலும் எல்லாம் சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிடும். எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. எத்தனை தடவை கேட்டாலும் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு தலையும் ஆட்டத்தை நிறுத்தும், வினோலியா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பிறகு மொத்தமும் தலைமேல் வந்து விழும்.

"கடக்கரையில நிக்கிறப்ப அலை உள்ள இழுக்கும்லா, காலுக்கு அடியில மண்ணு போகும்லா. அது டெரிக், அது," என்பாள் வினோலியா. அவனுக்கும் அதுதான். வேறு எதுவும் சொல்லத் தோன்றாது. பின்சீட்டிலிருந்த பெரியம்மா ஒருத்தி, இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என்னவோ ஏறியிருக்கிறது, அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் பூச வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னாள்.

கல்யாணமாகி அடுத்த வருஷம், கப்பலில் வந்த ஒருத்தர் விற்றுவிட்டுப் போன கறுப்பு எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை வினோலியாதான் வாங்கி வந்தாள். பாவி, தன் கையாலேயே தூக்கி வந்து தன் புருஷன் மடியில் வைத்தாள். "கப்பல் பாட்ட மட்டும் எனக்கு வாசிச்சுக் காட்டு, போதும்," என்றாள்.

அவன் வாசிக்கப் படித்தான். வேலை முடிந்து வந்து கையில் மீன் வாடையோடு உட்கார்ந்தால் சோறு ஆறும்வரை எழுந்திருக்க மாட்டான். விரல் வெடித்து, ரத்தம் கட்டி, தோல் உரிந்து, காய்ப்பு விழுந்தது. காய்ப்பு தடிக்கத் தடிக்க அவன் கேட்கிற பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. முதலில் பாடுகிறவனின் குரல் விலகி ஓரமாகப் போனது. பிறகு டிரம்ஸ் வெறும் கடிகாரமானது. கடைசியில் கிடார் மட்டும் மிஞ்சியது, அதிலும் சத்தம் போய் விரல் மட்டும் மிஞ்சியது. இந்த இடத்தில் இரண்டாம் விரல், இங்கே சுண்டுவிரலை நீட்ட வேண்டும், இங்கே வலது உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்க வேண்டும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அவன் இடது கை தொடைமேல் நண்டு மாதிரி ஊர்ந்தது. ஒரு நாள் துள்ளிக்கொண்டு வந்து சொன்னான்.

"வினோ, கப்பல் பாட்டுல ஒரு பெரிய கிடார்னு நெனச்சோம்லா? ரெண்டு! ஒரே வாசிப்ப ரெண்டு தடவ வாசிச்சு, ஒண்ண இடது காதுக்கும் ஒண்ண வலது காதுக்கும் வெச்சிருக்கான். பஸ்ஸுல நீ ஒரு கிடாரக் கேட்டிருக்க, நான் வேற கிடாரக் கேட்டிருக்கேன்."

வினோலியா துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப நாம ஒரே பாட்டக் கேக்கலியா?"

"சரியாச் சொல்லணும்னா, இல்ல," என்றான் அந்தக் கெட்டிக்காரன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பூசை முடிந்ததும் ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் ஊரிலுள்ள மெட்டல் ஆட்கள் கூடுவார்கள். ஒரு ஆல்பத்தைப் போட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். முதலில் எல்லாரும் கலந்துதான் உட்கார்ந்தார்கள். கிடார் பழகியவர்கள் நாலைந்து பேர் ஆனதும், யாரும் சொல்லாமலேயே, கோயிலில் ஆணும் பெண்ணும் பிரிந்து உட்காருகிற மாதிரி, வாசிக்கிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமும் வாசிக்காதவர்கள் அந்தப் பக்கமும் ஆனார்கள். அந்தப் பக்கத்தில் தலைமுடி பறக்கும், கண்ணை மூடிக்கொண்டு முகமெல்லாம் வேர்த்து வழியும். இந்தப் பக்கத்தில் கணக்குப் பரீட்சை எழுதுகிற முகத்தோடு உட்கார்ந்து விரலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஆல்பம் முடிந்ததும் இந்தப் பக்கத்தார், "மூணாவது பாட்டுல கம்பிய மேலயும் கீழயும் அடிக்காம வெறும் கீழடியாவே அடிக்கான், பாத்தியால?" என்று ஆரம்பிப்பார்கள், அந்தப் பக்கத்தார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். வினோலியா அந்தப் பக்கம் இருந்தாள். கொஞ்ச காலம் தொட்டிக்கு மேலாக எட்டி டெரிக்கைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

காது இறங்குவதற்கு முந்தின சனிக்கிழமை அவன் கப்பல் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பிசகாமல் வாசிக்கத் தேறியிருந்தான். அவளைக் கூப்பிட்டு நடுவீட்டில் நிறுத்தி வாசித்தான். வினோலியா கண்ணை மூடினாள், தலை தானாக ஆட ஆரம்பித்தது, பஸ் வந்துவிட்டது, ஜன்னல் காற்று வந்துவிட்டது, அவள் மெல்ல நெருங்கி வந்தாள், பாட்டு நிற்கும் இடம் வந்தது, நின்றது, அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய விடு வினோ, விரல் நழுவுது," என்றான் டெரிக். "எட்டு எண்ணிக்கதான். எண்ணிட்டிருக்கேன்."

அவள் விட்டுவிட்டாள். அவன் எட்டு எண்ணி, சரியான இடத்தில் தொடங்கி, சரியாக முடித்தான். "நல்லா வாசிச்ச," என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை அணைக்கப் போனாள். அதற்கும் செவ்வாய்க்கிழமை நடந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்பது மாதாவுக்குத்தான் தெரியும்.

காது இறங்கி ஒரு வருஷம் ஓடியது. ஊர் முழுக்க அவன் கையைத் தேடி வந்துகொண்டிருந்தபோது வீட்டில் வினோலியா பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து, கைகால் கழுவி, மேஜைமேல் விரித்து வைத்திருந்த அவன் இடது கைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"டெரிக், நான் விசாகப்பட்டினம் பிராஞ்சுக்கு மாத்தல் கேட்டிருந்தேன். குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் போறேன்."

அவன் முகம் மலர்ந்தது. "இன்னொரு தடவ சொல்லு. அந்த 'போறேன்'ல கடைசியில அரைக் கட்டம் கீழ வழுக்குது பாரு, அதச் சொல்லு. எவ்வளவு அருமையா வழுக்குது தெரியுமா!"

வினோலியா அவனையே பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை எதுவும் வழுக்கவில்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, விரல் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. அதனால் வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தது.

"நீயா கேட்ட?" என்றான்.

"நானாத்தான் கேட்டேன். இந்த வீட்டுல நான் பேசுதது எங்க போய் விழுதுன்னே தெரியல டெரிக். எவ்வளவு காலத்துக்கு ஒரு கையப் பாத்துப் பேசுறது?"

"கைதான் பிரச்சினையா?"

"காது கைக்கு எறங்குறதுக்கு முந்தியே நீ அங்கதான் இருந்த," என்றாள். அவள் அழுதாள். அவன் விரல்கள் அந்த அழுகைக்கு இடம் தேடி மேஜைமேல் நகர்ந்தன. அவன் வெட்கப்பட்டுக் கையை மூடிக்கொண்டான். அப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது, ஊரிலுள்ள எஞ்சினையெல்லாம் கேட்கிற தன்னைவிடத் தனியான ஆள் அந்தத் துறைமுகத்திலேயே இல்லை என்று. அவளைப் போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் போவதற்குள் ஒரே ஒரு தடவை, கப்பல் பாட்டை அவள் கேட்கிற மாதிரி, பஸ்ஸில் கேட்ட மாதிரி, எதுவும் தெரியாமல் கேட்டுவிட வேண்டும், அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தான். காய்ப்பு போனால் காது பழைய இடத்துக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டான். கிடாரைக் கட்டில் அடியில் தள்ளினான். ஐஸ் உறைய வைக்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தினமும் இடது கையை முக்கினான். பச்சைத் தண்ணீரைவிடப் பல மடங்கு குளிர்ந்த தண்ணீர் அது. முக்கி எடுத்தால் கை தன்னுடையது மாதிரியே இருக்காது.

"ஏல, கைய வெச்சுத்தானல பொழைக்க, அழுகிப் போயிரும்ல!" என்று கூட வேலை பார்க்கிற லாசர் அண்ணன் அவன் கையைத் தொட்டியிலிருந்து பிடுங்கி எடுத்துக் கையைப் பார்த்தே திட்டினார். விஷயம் வெளியே தெரிந்ததும், கரண்டு போன மாதிரி தெரு திரண்டு வந்தது. திருவிழா முடியட்டும், படகில் ஒரு எஞ்சின் கிடக்கிறது என்று ஒருத்தர் கெஞ்சினார். மோட்டாருக்கு இனி யாரைக் கூப்பிடுவது என்று ஒருத்தி சண்டை பிடித்தாள். ரோஸ்லின் அக்கா, தான் பின்னிக் கொடுத்த கையுறைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கண் கலங்கினாள். வினோலியா மட்டும் ராத்திரி அவன் கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

தோல் உரிந்தது. சுண்டுவிரல் முதலில் போனது, அதோடு சைக்கிள் மணியும் குக்கர் விசிலும் போயின. அடுத்த விரலோடு கோயில் பாட்டும் ரோஸ்லின் அக்காவின் மிக்சியும் போயின. நடுவிரலோடு ஏலக்காரரின் குரல் போனது. ஆள்காட்டி விரலின் காய்ப்பு தடிப்பானது, அதில் கம்ப்ரஸரின் இரைச்சலும் வினோலியாவின் குரலும் மட்டும் சில நாள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் பெட்டிக்குத் துணி அடுக்கிக்கொண்டே, மருந்து எங்கே இருக்கிறது, பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது அதுவும் உரிந்து விழுந்தது. விரல் நுனிகள் குழந்தையின் விரல் மாதிரி சிவந்து வழுவழுவென்று இருந்தன. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்கி வைத்துக் காத்திருக்கிற மாதிரி அவன் இரண்டு காதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். காது வரவில்லை. டாக்டர் விரலையும் பார்த்தார், காதையும் பார்த்தார், இரண்டு இடத்திலும் இல்லை என்று கையை விரித்தார்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. டீக்கடையில் சூசை அண்ணன் ஒன்றும் பேசாமல் டம்ளரை நீட்டினார். கோயிலில் அவனுடைய பெஞ்சு ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

வினோலியா கிளம்புகிற நாள் சாயங்காலம் இருவரும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். அவள் சென்னை போய் ரயில் மாற வேண்டும்; சென்னை ரயில் முன்னதாகவே வந்து நின்றிருந்தது, கிளம்ப நேரம் இருந்தது. பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கி வந்து பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் வாய்கள் அசைந்தன, டிராலிகள் உருண்டன, ஒன்றும் கேட்கவில்லை. வினோலியா கைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து, சிக்கலைப் பொறுமையாகப் பிரித்து, வலது துண்டைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். இடது துண்டை அவனிடம் நீட்டினாள். அவனுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அவன் அதை வாங்கிக் காதில் செருகிக்கொண்டான்.

அவள் கட்டைவிரல் மொபைலை அழுத்துவதைப் பார்த்தான். பாட்டு தொடங்கிவிட்டது. இப்போது கப்பல் ஊதும் என்று நினைத்தான். நினைத்ததும் அவனுக்குள் எங்கோ அடியிலிருந்து அது ஊதியது, பஸ்ஸில் கேட்ட பாட்டு, விரல் இல்லாத பாட்டு, அவனுக்கு ஞாபகம் இருந்த வேகத்தில் அது ஓட ஆரம்பித்தது. அவன் தலையை ஆட்டினான். பக்கத்தில் வினோலியாவின் தலையும் ஆடியது. இரண்டு தலையும் ஒத்துப்போகவில்லை. அவன் முந்திப் போனான், எங்கோ தாவினான், ஒரு காலத்தில் ஒரு அடிகூடத் தவறாதவன் இப்போது கண்டபடி ஆடிக்கொண்டிருந்தான். கடந்து போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய கை மடிமேல் சும்மா கிடந்தது.

அவனுடைய பாட்டில் அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. அவன் தலையை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் காதில் பாட்டு அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

வினோலியா அவன் நின்றுவிட்டதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆடிக்கொண்டிருந்த தலையை நிறுத்தி, கையை நீட்டி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அவன் எண்ணவில்லை.